மூளைச் சிறுகுழல் நோயில் குருதி–மூளைத் தடுப்பின் கசிவு: வரையறையும் படிம அளவீடும்

1. ஆய்பொருளும் அதன் எல்லையும்

மூளையின் ஆழத்துக்குக் குருதி கொண்டு செல்லும் நுண்தமனிகள், தந்துகிகள், நுண்சிரைகள் ஆகியவை பழுதடைவதால் விளையும் நோய்த்தொகுதியை மூளைச் சிறுகுழல் நோய் என்கிறோம். குருதி ஓட்டம் அடைபட்டு வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதனால் வருகிறது. முதுமையில் காணும் அறிவுத்திறன் இழப்புக்கும் இது தனித்தும் அல்சைமர் நோயோடு கூடியும் காரணமாகிறது. நடைத் தளர்ச்சி, சிந்தனை மந்தம், சோர்வு மனநிலை எனப் பல முகங்களில் வெளிப்படுவதால், நோயாளியும் வீட்டாரும் இதை வயதின் இயல்பு என்றே நெடுங்காலம் எண்ணியிருப்பர்.

இந்நோயில் குருதிக்கும் மூளைத்திசுவுக்கும் இடையிலுள்ள தடுப்பு தளர்கிறது என்பதும், அந்தத் தளர்ச்சியே நோயின் வேராக இருக்கலாம் என்பதும் கடந்த இருபது ஆண்டுகளாக வலுப்பெற்றுவரும் கருத்து. 2003இல் எடின்பரோவைச் சேர்ந்த ஜோஆனா வார்ட்லாவும் அவருடைய குழுவினரும் இதை ஒரு கருதுகோளாக முன்வைத்தனர். அக்கருதுகோள் இன்று எந்த நிலையில் நிற்கிறது என்பதையும், அதைச் சோதிக்கப் பயன்படும் எம்.ஆர்.ஐ. அளவீடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ‘கசிவு’ என்பதை வரையறுப்போம். இயல்பான மூளையில் குருதியிலிருந்து திசுவுக்குள் நுழையாத, அல்லது மிகச் சிறிதளவே நுழையும் ஒரு பொருள், இயல்புக்கு மேற்பட்ட விரைவில் அங்கே புகுவதே கசிவு. இவ்வரையறை மூன்றை விலக்குகிறது. சிவப்பணுக்கள் குழலை விட்டு வெளியேறுவது குருதிக்கொட்டு. அது கசிவு அன்று. மூளைக்கட்டியிலும் கடும் அழற்சியிலும் தடுப்பு பெரிதாகத் திறந்துகொள்வது வேறு அளவிலான நிகழ்ச்சி. பிட்யூட்டரியின் பின்மடல், பினியல் சுரப்பி போன்ற இடங்களில் இயற்கையாகவே தடுப்பு இல்லை. அங்கே பொருள்கள் புகுவதும் நோயாகாது.

சிறுகுழல் நோயின் கசிவு மிக மெல்லியது. விரிசல் விட்ட பானையின் ஒழுக்கோடு அதை ஒப்பிட முடியாது; புதுப் பானையின் புறத்தே பூக்கும் ஈரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இந்த மென்மையை மறந்தால் பின்வரும் எல்லா வாதங்களும் தடம் மாறும்.

2. தடுப்பின் கட்டமைப்பு

ஜெர்மன் ஆய்வாளர் பால் எர்லிக் 1885இல் விலங்குகளின் குருதியில் சாயங்களைச் செலுத்தியபோது உடலின் பிற உறுப்புகள் நிறமேறின; மூளை மட்டும் வெண்மையாகவே நின்றது. நரம்புத்திசு சாயத்தை ஏற்பதில்லை என்று அவர் விளக்கினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் அந்த விளக்கத்தைச் சோதித்தார். டிரைபன் நீலத்தைக் குருதியில் செலுத்தியபோது மூளை நிறமேறவில்லை. 1913இல் அதே சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீர்மத்தில் செலுத்தியபோது மூளை நிறமேறியது. ஆகவே திசு சாயத்தை ஏற்கவே செய்கிறது. இடையில் ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ எங்கே இருக்கிறது என்பது 1967இல்தான் தெளிவாயிற்று. தாமஸ் ரீஸும் மாரிஸ் கார்னோவ்ஸ்கியும் எலியின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, குழலின் உட்சுவர்ச் செல்களுக்கு இடைப்பட்ட பிணைப்புகளே தடுப்பு என்று காட்டினர்.

இன்றைய அறிவின்படி தடுப்பு ஓர் ஒற்றைச் சுவர் அன்று. குழலின் உட்புறத்தில் இருப்பவை அகவணிச் செல்கள். இவற்றின் விளிம்புகளை க்ளாடின்-5, ஆக்லூடின் முதலிய புரதங்களால் ஆன இறுக்கப் பிணைப்புகள் மூடுகின்றன. அகவணிச் செல்லை ஒட்டி, அடிச்சவ்வுக்குள் பதிந்திருப்பவை சூழ்செல்கள். அவற்றுக்கு வெளியே உடுச்செல்கள் தம் காலடிகளைப் பரப்பிக் குழலைப் போர்த்துகின்றன. அக்காலடிகளில் அக்வாபோரின்-4 என்னும் நீர்வழிப் புரதம் செறிந்திருக்கிறது. இவை அனைத்தும் அருகிலுள்ள நரம்புச்செல்களோடு சேர்ந்து நரம்பு–குழல் அலகு எனப்படும்.

ஒரு பொருள் இத்தடுப்பைத் தாண்டும் வழிகள் இரண்டு. செல்களுக்கு இடையே, இறுக்கப் பிணைப்பு தளர்ந்த இடத்தில் புகுவது இடைவழி. செல்லின் ஒரு பக்கத்தில் சிறு குமிழுக்குள் விழுங்கப்பட்டு மறுபக்கத்தில் வெளிவிடப்படுவது குமிழ்வழி. இயல்பான மூளைக்குழல்களில் குமிழ்வழி அடக்கியே வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு அடக்கிவைப்பதில் சூழ்செல்களுக்குப் பங்கு உண்டு என்பதை 2010இல் வெளிவந்த எலி ஆய்வுகள் நிறுவின. இவ்விரு வழிகளையும் பிரித்துக் காண்பது நமக்கு இன்றியமையாதது. ஏனெனில் கசிவை அளக்கக் குருதியில் செலுத்திப் படிமத்தில் நாம் பின்தொடரும் மருந்து ஒரு சிறு மூலக்கூறு. அது எவ்வழியே சென்றது என்பதைப் படிமம் சொல்லாது.

3. நோயின் வகைகள்

பிரெஞ்சு மருத்துவர் துராண்-ஃபார்தெல் 1840களில் மூளையின் ஆழத்தில் காணும், லக்கூன் எனப்படும் சிறு குழிகளை விவரித்தார். ஓட்டோ பின்ஸ்வாங்கர் 1894இல் வெண்பொருள் சிதைவையும், பியர் மரி 1901இல் லக்கூன்களின் மருத்துவ வடிவையும் எழுதினர். 1960களில் அமெரிக்காவின் மில்லர் ஃபிஷர் இறந்தோரின் மூளைகளைத் தொடர் வெட்டுகளாக ஆராய்ந்து, குழிக்கு இட்டுச்செல்லும் நுண்தமனியின் சுவர் கொழுப்பும் கண்ணாடி போன்ற புரதப்பொருளும் படிந்து கட்டமைப்பை இழந்திருப்பதைக் கண்டார். அந்தச் சுவருக்குள் குருதிநீர்ப் புரதங்கள் புகுந்திருந்தன என்பதே நம் பொருளுக்கு முதன்மையானது. கசிவு என்னும் கருத்தின் முதல் சான்று நுண்ணோக்கியின் கீழ்தான் கிடைத்தது. ஸ்கேன் பிறகு வந்தது.

இத்தாலியின் லியனார்டோ பான்டோனி 2010இல் நோயை ஆறாக வகுத்தார். முதல் வகை, முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு வரும் நுண்தமனித் தடிப்பு. மிகப் பெரும்பாலானது இதுவே. இரண்டாவது, குழற்சுவரில் அமிலாய்டு படியும் நோய். மூன்றாவது, மரபணுப் பிறழ்வால் வருவது. நாட்ச்-3 மரபணுவின் பிறழ்வால் வரும் கடசில் நோய் இதற்குத் தலைமையான எடுத்துக்காட்டு. அழற்சியால் வருவன நான்காம் வகை. நுண்சிரைகளில் கொல்லாஜன் படிவது ஐந்தாம் வகை. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் தோன்றுவது முதலான எஞ்சியவை ஆறாம் வகை. இக்கட்டுரையில் சொல்லப்படுவன பெரும்பாலும் முதல் வகைக்கே பொருந்தும். அமிலாய்டு நோயின் கசிவையும் நுண்தமனித் தடிப்பின் கசிவையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிடும் போக்கை நாம் ஏற்கவில்லை. சுவரைச் சிதைக்கும் பொருளும் சிதையும் இடமும் இரண்டிலும் வேறு.

4. கண்ணுக்குப் புலனாகும் அடையாளங்கள்

சிறுகுழல்கள் சாதாரண எம்.ஆர்.ஐ. படிமத்தில் தெரிவதில்லை. அவற்றால் திசுவில் விளைந்த தழும்புகளே தெரிகின்றன. இத்தழும்புகளுக்கு ஆளுக்கொரு பெயரும் அளவும் வழங்கிவந்த குழப்பத்தை 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று ஸ்ட்ரைவ் என்னும் நெறிமுறையால் தீர்த்தது. 2023இல் அது புதுப்பிக்கப்பட்டது.

அந்நெறிப்படி, அண்மையில் நேர்ந்த சிறு ஆழ்பகுதித் திசுச்சாவு குறுக்குவெட்டில் 20 மி.மீ.க்கு மிகாதது. அது ஆறிக் குழிவானால், 3 முதல் 15 மி.மீ. வரையிலான நீர்மம் நிறைந்த அக்குழியே லக்கூன். குழலைச் சூழ்ந்த இடைவெளி விரிந்து தெரிவது குழல்சூழ் இடைவெளி. அது பொதுவாக 3 மி.மீ.க்குக் குறைவு. நுண்குருதிக்கொட்டு பெரும்பாலும் 2 முதல் 5 மி.மீ. வரை, சில வேளை 10 மி.மீ. வரை இருக்கும். மூளைச் சுருக்கமும் அடையாளங்களுள் ஒன்று.

இவற்றுள் நமக்கு மிகவும் வேண்டியது வெண்பொருள் மிகையொளிர்வு. நீரின் ஒளிர்வை அடக்கி எடுக்கப்படும் ஃப்ளேர் படிமத்தில் வெண்பொருளில் தோன்றும் வெள்ளைத் திட்டுகளை இப்பெயரால் குறிக்கிறோம். 1987இல் ஃபசேகாஸ் வகுத்த 0 முதல் 3 வரையிலான தரவரிசையை மருத்துவர்கள் இன்றும் கைக்கொள்கின்றனர். திட்டு இல்லாத, கண்ணுக்கு நலமாகப் படும் பகுதியை இயல்பாய்த் தோன்றும் வெண்பொருள் என்கிறோம். ‘தோன்றும்’ என்ற சொல் அங்கே காரணத்தோடு இடம்பெற்றிருக்கிறது. அப்பகுதி உண்மையில் நலமாக இல்லை என்பதைக் கசிவு அளவீடு காட்டியது. இத்துறையின் மிகப் பெரிய பேறாக நாம் கருதுவது அதுவே.

5. கசிவை அளக்கும் முறை

கசிவைப் படிமத்தில் அளக்கும் முதன்மையான முறை, இயங்குநிலைக் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. கடோலினியம் சேர்ந்த மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்ற அளவில் சிரையில் செலுத்தி, அதற்கு முன்னும் பின்னும் மூளையை மீண்டும் மீண்டும் படமெடுக்கிறோம். மருந்தின் மூலக்கூறு நிறை 550 டால்டன் அளவில் இருக்கும். நலமான தடுப்பை அது எளிதில் கடக்காது. கடந்த இடத்தில், அருகிலுள்ள நீர் காந்தத் தூண்டலிலிருந்து மீள எடுக்கும் டி1 தளர்வு நேரத்தைக் குறைத்து, அந்த இடத்தை ஒளிரச் செய்யும்.

ஒளிர்வு நேரடியாகக் கசிவு ஆகாது; அது மூன்று படிகளைத் தாண்ட வேண்டும். முதற்படியில் ஒளிர்வு மாற்றத்தைச் செறிவு மாற்றமாக்குகிறோம். இதற்கு மருந்து செலுத்தும் முன்பே ஒவ்வொரு கனப்புள்ளியிலும் டி1 நேரத்தை அளந்திருக்க வேண்டும். படிமத்தைக் கட்டும் மிகச் சிறிய கன அலகே கனப்புள்ளி. இரண்டாம் படியில் குருதியில் மருந்தின் செறிவு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதை அறிகிறோம். மண்டையோட்டின் உச்சியை ஒட்டி ஓடும் பெரிய சிரைக்குழியை இதற்குப் பெரும்பாலும் தேர்வர். மருந்து சிவப்பணுக்களுக்குள் புகாததால், குருதியில் பிளாஸ்மாவின் பங்கைக் கொண்டு இச்செறிவைத் திருத்த வேண்டும்.

மூன்றாம் படி கணித மாதிரி. திசுவில் காணும் மருந்தை நாம் இரு கூறாகப் பிரிக்கிறோம்: குழலுக்குள்ளேயே இருப்பது ஒன்று, குழலை விட்டுப் புகுந்தது மற்றொன்று. முதற்கூறு பிளாஸ்மாக் கன அளவைப் பொறுத்தது. இரண்டாம் கூறு, குருதியில் இருந்த செறிவு நேரத்தோடு கூடிய மொத்தத்தையும் கசிவு வீதத்தையும் பெருக்கினால் வருவது. கிளிஃபோர்ட் பாட்லாக் 1983இல் தந்த வரைபில் இவ்விரண்டும் ஒரே நேர்கோட்டில் பிரிந்து நிற்கும்: கோட்டின் சாய்வு கசிவு வீதம், அது அச்சை வெட்டும் உயரம் பிளாஸ்மாக் கன அளவு. புகுந்த மருந்து அளவீட்டு நேரத்துக்குள் திரும்பிக் குழலுக்குள் வராது என்பது இம்மாதிரியின் எடுகோள். மெல்லிய கசிவுக்கு அந்த எடுகோள் பொருந்தும். மூளைப் படிம முறைகளை ஒருமைப்படுத்த முனைந்த ஹார்னெஸ் கூட்டமைப்பு 2019இல் வெளியிட்ட பரிந்துரை பாட்லாக் முறையையே சிறுகுழல் நோய்க்கு ஏற்றதாகச் சொல்வதும் இதனால்தான்.

பெறப்படும் எண்ணின் பொருளை நுணுகிப் பார்ப்போம். அது ஊடுவிடு திறனும் குழற்பரப்பும் சேர்ந்த பெருக்கற்பலன். ஊடுவிடு திறன் என்பது ஓர் அலகுப் பரப்பு எவ்வளவு விடுகிறது என்பது. குழற்பரப்பு என்பது ஓர் அலகுத் திசுவில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பது. சிறுகுழல் நோயில் தந்துகிகளின் அடர்த்தி குறைகிறது. ஆகவே ஒவ்வொரு தந்துகியும் முன்னைவிட அதிகமாகக் கசிந்தாலும், தந்துகிகள் குறைந்துபோனதால் பெருக்கற்பலன் மாறாமல் நிற்கக்கூடும். முற்றிய வெண்பொருள் திட்டின் நடுவே கசிவு வீதம் எதிர்பார்த்த அளவு உயராமல் போவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்று கருதுகிறோம். அத்தகைய எண்ணைக் கண்டு அங்கே தடுப்பு நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு.

6. மெல்லிய அளவும் பிழைகளின் ஊற்றும்

சிறுகுழல் நோயில் கசிவு வீதம் நிமிடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று முதல் ஆயிரத்தில் ஒன்று என்ற வரிசையில் கிடைக்கிறது. மூளைக்கட்டியில் காண்பது இதைவிடப் பத்து, நூறு மடங்கு பெரியது. இவ்வளவு சிறிய எண் படிமத்தில் என்ன மாற்றத்தை உண்டாக்கும்? ஒரு மாதிரிக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கசிவு வீதம் நிமிடத்துக்கு 0.0005 என்றும், பிளாஸ்மாவில் மருந்தின் சராசரிச் செறிவு 0.8 மில்லிமோலார் என்றும், அளவீட்டு நேரம் 20 நிமிடம் என்றும் கொள்வோம். திசுவில் புகுந்த மருந்து 0.008 மில்லிமோலார். வெண்பொருளில் பிளாஸ்மாவின் பங்கு நூற்றில் ஒன்று என்றால், குழலுக்குள் நிற்கும் மருந்தும் அதே 0.008 மில்லிமோலார்தான். அதாவது இருபது நிமிடம் கசிந்த பிறகும் வெளியே இருப்பது உள்ளே இருப்பதற்குச் சமமாகவே வருகிறது. மருந்தின் தளர்த்தும் ஆற்றலை மில்லிமோலாருக்கு விநாடிக்கு 4 என்றும், 3 டெஸ்லா கருவியில் வெண்பொருளின் டி1 நேரத்தை 0.9 விநாடி என்றும் கொண்டால், கசிந்த மருந்து தளர்வு வீதத்தில் உண்டாக்கும் மாற்றம் ஏறத்தாழ 3 விழுக்காடு.

கருவி இருபது நிமிடம் இடைவிடாது இயங்கும்போது வெப்பமேறி அதன் ஒளிர்வு அளவு மெல்ல நகரும். அந்நகர்வு ஒரு விழுக்காடாக இருந்தாலும் நாம் தேடும் மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். அல்லது இல்லாத கசிவை உண்டாக்கிக் காட்டும். முதியவர் இருபது நிமிடம் அசையாமல் படுத்திருப்பது கடினம். தலை ஓரிரு மி.மீ. நகர்ந்தால் மூளை அறையின் நீர்மமும் வெண்பொருளும் ஒரே கனப்புள்ளியில் கலந்துவிடும். பெரிய சிரைக்கு அருகே குருதியின் ஒளிர்வு அலையலையாகத் திசுவின் மேல் படிவதும் உண்டு.

எல்லாவற்றிலும் வஞ்சகமான பிழை வேறொன்று. நோயுற்ற வெண்பொருளில் நீர் மிகுதி; அதனால் அதன் இயல்பான டி1 நேரமும் நீளம். டி1 நேரம் நீண்ட திசுவில் அதே அளவு மருந்து கூடுதலான ஒளிர்வு விழுக்காட்டைத் தரும். ஆகவே தொடக்க டி1 நேரத்தை அளக்காமல் ஒளிர்வை மட்டும் ஒப்பிட்டால், நோயுற்ற திசு எப்போதும் அதிகம் கசிவதாகவே தோன்றும். கருதுகோளுக்கு ஏற்ற திசையிலேயே பிழையும் சாய்ந்திருப்பதால், அதைக் கண்டுகொள்ள எவருக்கும் மனம் வராது. தொடக்க டி1 அளவீடு இல்லாத ஆய்வுகளின் முடிவை நாம் சான்றாக ஏற்பதற்குத் தயங்குவது இதனால்தான்.

எனவே அளவீட்டுக்குச் சில நிபந்தனைகள் வேண்டும்: மருந்து செலுத்திய பின் குறைந்தது 15 நிமிடத் தொடர் படமெடுப்பு, தொடக்க டி1 வரைபடம், தலை அசைவுத் திருத்தம், திட்டுக்கும் நீர்மத்துக்கும் எல்லையிலுள்ள கனப்புள்ளிகளை விலக்குதல், மருந்து செலுத்தாத நலமுற்றோரிடம் அதே கருவியின் நகர்வை அறிந்து வைத்திருத்தல். ஒற்றைக் கனப்புள்ளியின் எண்ணை நம்பக்கூடாது. ஒரு பகுதி முழுவதன் சராசரியோ நடுவெண்ணோதான் பொருள் தரும்.

7. இதுவரை கண்டவை

2010இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்று, லக்கூன் பக்கவாதமும் வெண்பொருள் நோயும் உள்ளவர்களில் இயல்பாய்த் தோன்றும் வெண்பொருளிலும் ஒளிர்வு கூடியதைக் காட்டியது. எடின்பரோ குழு 2017இல் சிறு பக்கவாதம் கண்ட ஏறத்தாழ 200 பேரை ஆராய்ந்து வெளியிட்டது. இயல்பாய்த் தோன்றும் வெண்பொருளில் கசிவு, மிகையொளிர்வுத் திட்டை நெருங்க நெருங்கக் கூடியது. திட்டு ஓர் எல்லைக்கோட்டோடு முடிந்துவிடவில்லை. அதன் தாக்கம் நிழல் போலச் சுற்றிலும் படர்ந்திருந்தது. கசிவு மிகுந்தவர்களின் அறிவுத்திறன் ஓராண்டில் தாழ்ந்திருந்ததையும் அவ்வாய்வு காட்டியது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு வேறொரு வினாவை எழுப்பியது. சிறுகுழல் நோயுள்ள 80 பேரையும் நோயற்ற 40 பேரையும் ஒப்பிட்ட அவர்கள், கசிவை இரண்டு எண்களால் விவரித்தனர்: எவ்வளவு விரைவாகக் கசிகிறது என்பது ஒன்று, திசுவின் எவ்வளவு பங்கு கசிகிறது என்பது மற்றொன்று. 2017இல் வெளியான முடிவின்படி விரைவில் வேறுபாடு இல்லை; பரப்பில் வேறுபாடு இருந்தது. நோயாளரின் வெண்பொருளிலும் புறணிச் சாம்பற்பொருளிலும் கசியும் பங்கு பெரிது. இம்முடிவை நாம் மிக மதிக்கிறோம். முதுமையிலேயே ஆங்காங்கே நிகழும் மெல்லிய கசிவு, இந்நோயில் பரவலாகிறது என்ற படத்தை அது தருகிறது. ஓரிடத்தில் பெருகுவதைவிடப் பல இடங்களுக்குப் பரவுவதே நோயின் இயல்பு போலும். அதே குழு 2019இல், திட்டைச் சுற்றியுள்ள வளையங்களில் கசிவு மிகுந்த இடத்தில் குருதி ஓட்டம் குறைந்திருப்பதையும், திட்டிலிருந்து விலக விலகக் கசிவு தணிந்து ஓட்டம் மேம்படுவதையும் கண்டது.

கேம்பிரிட்ஜ் குழு 2021இல் கசிவு அளவீட்டையும், மூளையின் காவல்செல்களான மைக்ரோகிளியாவின் தூண்டலைக் காட்டும் பெட் படிமத்தையும் ஒரே நோயாளரில் சேர்த்து எடுத்தது. இரண்டும் நோயாளரில் கூடியிருந்தன. ஆனால் கசிந்த இடமும் அழற்சி மூண்ட இடமும் பொருந்தவில்லை. கசிவு அழற்சியை மூட்டுகிறது, அழற்சி திசுவை அழிக்கிறது என்ற நேர்கோட்டுக் கதைக்கு இது இடம் தரவில்லை.

8. காரணமா, உடன்நிகழ்வா, விளைவா

கசிவைக் காரணம் என்று சொல்ல நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அது திசுச் சிதைவுக்கு முன்னே நிகழ வேண்டும். கசிவின் அளவும் சிதைவின் அளவும் இணைந்து ஏற வேண்டும். கசிந்த பொருள் திசுவைக் கெடுக்கும் வழி காட்டப்பட வேண்டும். கசிவைத் தடுத்தால் சிதைவும் தணிய வேண்டும்.

இரண்டாம் நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறியிருக்கிறது. மூன்றாவதற்கு விலங்காய்வுகளில் நல்ல சான்று உண்டு. குருதி உறைதலுக்குரிய ஃபைப்ரினோஜன் மூளைக்குள் புகும்போது, மயலின் உறையை உண்டாக்கும் முன்னோடிச் செல்கள் முதிராமல் நின்றுவிடுவதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ஃபைப்ரினோஜனின் நிறை 340 கிலோடால்டன். நாம் பின்தொடரும் கடோலினிய மருந்தைவிட அறுநூறு மடங்கு. சிறு மூலக்கூறு கசிந்தது என்பதால் பெரும்புரதமும் கசிந்தது என்று கொள்வது அனுமானமே. இறந்தோரின் மூளையில் இப்புரதங்களின் படிவு காணப்படுவது உண்மை. எனினும் நோய் முற்றாத முதியவரின் மூளையிலும் அது காணப்படுகிறது.

முதல் நிபந்தனையில்தான் சிக்கல். எடின்பரோவைச் சேர்ந்த குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு நம் சிந்தனையைத் திருப்பியது. பக்கவாதத்துக்கு ஆட்படும் எலி வகையில், இரத்த அழுத்தம் ஏறுமுன்பே அகவணிச் செல்கள் கோளாறுற்றிருந்தன. அவை சுரக்கும் ஒரு புரதம் மயலின் முன்னோடிச் செல்களின் முதிர்ச்சியைத் தடுத்தது. அகவணிச் செல் நோயுறுகிறது. அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. ஒன்று இறுக்கப் பிணைப்பு தளர்ந்து கசிவது. மற்றொன்று கசிவே இல்லாமல் சுரப்பின் வழியே வெண்பொருளைக் கெடுப்பது. அப்படியானால் கசிவும் வெண்பொருள் சிதைவும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்றை மற்றொன்று பெறவில்லை.

நம் தீர்ப்பு இது: கசிவு இந்நோயின் உண்மையான, தொடக்கத்திலேயே தோன்றும், பரவலான கூறு என்பது நிறுவப்பட்டது. அதுவே முதற்காரணம் என்பது நிறுவப்படவில்லை. அகவணிச் செல்லின் கோளாறே முதலிடத்துக்கு உரியது. கசிவு அதன் அளக்கத்தக்க ஒரு வெளிப்பாடு.

நான்காம் நிபந்தனையைச் சோதிக்கும் முயற்சிகள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன. பிரிட்டனில் 363 பேரைக் கொண்டு நடந்து 2023இல் வெளியான லாசி-2 ஆய்வு, அகவணிச் செல்லைத் தேற்றும் ஐசோசார்பைட் மோனோநைட்ரேட்டையும் சிலோஸ்டசோலையும் லக்கூன் பக்கவாத நோயாளருக்குப் பாதுகாப்பாகத் தர இயலும் என்று காட்டியது. பெரிய ஆய்வுக்கு அது வழி திறந்தது. முடிவை இன்னும் தரவில்லை.

9. பிற அளவீட்டு வழிகள்

தண்டுவட நீர்மத்திலுள்ள ஆல்புமினைக் குருதியின் ஆல்புமினோடு ஒப்பிடும் விகிதம் நெடுங்கால வழக்கு. அது 66 கிலோடால்டன் புரதத்தின் புகுதலைக் காட்டும் நன்மை உடையது. ஆனால் எங்கே புகுந்தது என்று சொல்லாது. நீர்மம் சுரக்கும் பின்னலின் தடுப்பும் அதில் கலந்துவிடும்.

மருந்து ஊசியே இல்லாத முறை ஒன்றும் வளர்ந்து வருகிறது. கழுத்துத் தமனியில் ஓடும் குருதியின் நீரைக் காந்தமுறையில் குறியிட்டு, அந்நீர் தந்துகியிலிருந்து திசுவுக்குள் எவ்வளவு விரைவில் மாறிச் செல்கிறது என்று அளப்பது அம்முறை. நீர் மிகச் சிறிய மூலக்கூறு. நலமான தடுப்பையும் அது கடக்கும். ஆகவே நீர்மாற்ற வீதம் கூடினால் தடுப்பு தளர்ந்தது எனலாம். ஆனால் குறைந்தாலும் அது நலம் என்று ஆகாது, உடுச்செல் காலடியிலுள்ள அக்வாபோரின் கெட்டதையும் அது குறிக்கலாம். கடோலினிய அளவீட்டின் எண்ணோடு இதை நேருக்கு நேர் ஒப்பிடுவது பொருந்தாது. இரண்டும் தடுப்பின் வெவ்வேறு பணிகளை அளக்கின்றன.

கடோலினியத்தைப் பற்றியும் ஒரு சொல். சிறுநீரகம் தளர்ந்தவர்களில் அது தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் கடும் நோயை உண்டாக்கலாம் என்பது 2006 முதல் அறியப்பட்டது. மீண்டும் மீண்டும் செலுத்தினால் மூளையில் படிகிறது என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை நேர்சங்கிலி வகை மருந்துகள் பெரும்பாலானவற்றின் பயன்பாட்டை நிறுத்தவோ குறுக்கவோ செய்தது. சிறுகுழல் நோயாளர் முதியவர்கள். நீரிழிவும் சிறுநீரகத் தளர்ச்சியும் அவர்களிடையே மிகுதி. வளைய வகை மருந்தையே பயன்படுத்துவதும், சிறுநீரகச் செயல்திறனை முன்கூட்டியே அளப்பதும் ஆய்வாளரின் கடமை.

10. மருத்துவ நடைமுறைக்கு

கசிவு அளவீடு இன்று குழுக்களை ஒப்பிடும் கருவி. தனியொரு நோயாளிக்குத் தீர்ப்புரைக்கும் கருவி அன்று. இருவேறு கருவிகளில் எடுத்த எண்களை ஒப்பிடும் பொது அளவுகோல் இல்லை. இயல்பு இது, இயல்பு மீறியது இது என்று பிரிக்கும் எல்லையும் வகுக்கப்படவில்லை. ஆகவே மறதி என்று வரும் முதியவருக்கு இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுப்பதற்கு இப்போது அடிப்படை இல்லை. ஸ்ட்ரைவ் நெறிப்படி எடுக்கப்படும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படிமமே போதும்.

செய்யத்தக்கது ஏற்கெனவே கையில் உள்ளது. அமெரிக்காவின் ஸ்ப்ரின்ட் மைன்ட் ஆய்வில், மேல் இரத்த அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் வெண்பொருள் திட்டின் கன அளவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் 0.92 கன செ.மீ. கூடியது, 140க்குக் கீழ் என்ற வழக்கமான இலக்கைக் கொண்ட குழுவில் 1.45 கன செ.மீ. கூடியது. அவ்வாய்வு கசிவை அளக்கவில்லை. ஆயினும் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் திட்டு வளரும் வேகம் தணிகிறது என்பது படிமத்தில் அளந்தறிந்த உண்மை.

கசிவை ஆராயும் கூடங்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. முடிவை வெளியிடும்போது கசிவு வீதத்தோடு பிளாஸ்மாக் கன அளவையும், தொடக்க டி1 நேரத்தையும், தங்கள் கருவியின் நகர்வையும் உடன் வெளியிடுங்கள். அவை இல்லாத எண்ணைப் பிறர் சரிபார்க்க முடியாது. பிறர் சரிபார்க்க முடியாத எண்ணைக் கொண்டு மருந்தாய்வு எதையும் தொடங்கக் கூடாது.